முன்னால் ஒரு பல் குறைவு

2021-இல் கவாசாகி, நிஞ்ஜா இசட்எக்ஸ்-10ஆர் வண்டியின் பின் ஸ்ப்ராக்கெட்டை 39 பல்லிலிருந்து 41 ஆக்கியது. அடுத்த ஆண்டு ஹோண்டா, ஃபயர்பிளேடின் பின் ஸ்ப்ராக்கெட்டை 40-லிருந்து 43-க்கு ஏற்றியது. ஸ்ப்ராக்கெட் மாற்றும் பழக்கத்துக்கு வக்காலத்து வாங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. "கம்பெனிக்காரனே மாத்துறான், நாங்க மாத்தினா மட்டும் என்ன?" என்று கேட்கிறார்கள். கேட்டுவிட்டு, 150 சி.சி. வண்டியை மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போய், முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைத்துக்கொண்டு வருகிறார்கள். யமஹா ஆர்15-இல் 14-க்குப் பதில் 13. கேடிஎம் 390-இல் 15-க்குப் பதில் 14. பிக்கப் தூக்கலாக இருக்கிறது என்கிறார்கள். சில நூறு ரூபாய்ச் செலவு, அரை மணி நேர வேலை.

இந்த வாதத்தில் சரியான பகுதியை முதலில் கொடுத்துவிடலாம். இந்த இரண்டையும் போன்ற லிட்டர் வகுப்பு ஸ்போர்ட் பைக்குகளின் கியர் விகிதம் சாலைக்கு ஏற்றதே அல்ல. முதல் கியரிலேயே மணிக்கு 150 கி.மீ. தொடும் வண்டியைச் சென்னை சிக்னலில் நகர்த்துவது கிளட்சைத் தேய்த்துத் தின்கிற வேலை. அங்கே பல் மாற்றுவதில் நியாயம் உண்டு. பந்தயத்திலோ இது அன்றாட வேலை. கோவை காரி மோட்டார் ஸ்பீட்வே 2.1 கி.மீ., இருங்காட்டுக்கோட்டைப் பாதை 3.7 கி.மீ., நொய்டா அருகே உள்ள புத்தா சர்க்யூட் 5.125 கி.மீ. முதலாவதில் வளைவுக்கு வளைவு உறுமி எழ வேண்டும். கடைசியில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் நேர்ப்பாதையில் எஞ்சின் மூச்சுத் திணறாமல் ஓட வேண்டும். ஒரே பல் கணக்கு இரண்டுக்கும் பொருந்தாது. கியர்பாக்ஸைத் திறக்க விதி இடம் தராத பந்தய வகுப்புகளில் ஸ்ப்ராக்கெட் பெட்டிதான் கைகொடுக்கிறது. 530 செயினைக் கழற்றி 520 போடுவதும் அந்த உலகத்தில் பொருந்தும். கண்ணிக்குக் கண்ணி இடைவெளியான பிட்ச் இரண்டுக்கும் 15.875 மி.மீ.தான்; உள் அகலம் மட்டும் 9.53-லிருந்து 6.35 மி.மீ. ஆகக் குறைகிறது, சுழலும் எடையும் அதோடு குறைகிறது. செயினின் ஆயுளும் குறையும் என்பது பந்தய அணிக்குத் தெரியும். அடிக்கடி மாற்றுவதற்குப் பணமும் ஆளும் அவர்களிடம் உண்டு.

கொடுக்க வேண்டியது இவ்வளவுதான். சாட்சியாகக் கூப்பிட்ட இரண்டு கம்பெனிகளும் எதை மாற்றின என்பதைப் பார்த்தால் வாதம் அங்கேயே தடுமாறுகிறது. கவாசாகியின் முன் ஸ்ப்ராக்கெட் 17 பல். மாற்றத்துக்குப் பிறகும் 17. ஹோண்டாவின் முன் ஸ்ப்ராக்கெட் 16, அதுவும் அப்படியே. இரண்டுமே பின்னால்தான் கூட்டின. கவாசாகி அதோடு முதல் மூன்று கியர்களின் விகிதத்தையும் திருத்தியது. முன்னால் ஒரு பல்லைப் பிடுங்கி வேலையை முடிக்கும் குறுக்குவழியை இரண்டில் எதுவும் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அவர்களுக்கும் செலவு மிச்சமாகியிருக்கும்.

நம் தெருவில் ஓடும் வண்டியிலேயே இதைவிடத் தெளிவான உதாரணம் இருக்கிறது. 2008-இல் வந்த யமஹா ஆர்15-இன் முதல் பதிப்பான வி1-இல் முன்னால் 14, பின்னால் 42. விகிதம் சரியாக 3.0. 2011-இல் வந்த வி2-இல் யமஹா பிக்கப்பைக் கூட்ட நினைத்து விகிதத்தை 3.133 ஆக்கியது. எப்படி? முன்னால் ஒரு பல்லைக் கூட்டி 15 ஆக்கி, பின்னால் 47 வைத்தது. விகிதத்தைக் கூட்ட வந்தவர்கள் முன் ஸ்ப்ராக்கெட்டைப் பெரிதாக்கினார்கள். வி3-இல் 14-க்குத் திரும்பினார்கள் என்பதும் உண்மைதான்; ஆனால் அங்கேயும் பின்னால் 48 வைத்துத்தான் 3.43-க்குப் போனார்கள். மூன்று பதிப்பிலும் 13 என்ற எண் எட்டிப்பார்க்கவே இல்லை.

காரணம் செயினில் இருக்கிறது. ஸ்ப்ராக்கெட் மாற்றுகிறவர்களின் பேச்சில் விகிதம் வரும், டாப் ஸ்பீடு வரும், ஆர்.பி.எம். வரும். இரண்டு ஸ்ப்ராக்கெட்டுகளுக்கும் நடுவே ஓடுகிற செயின் மட்டும் வராது. பின்னால் மூன்று பல் கூட்டுவதும் முன்னால் ஒரு பல் குறைப்பதும் ஒன்றுதான் என்கிற கணக்கு செயினை ரப்பர் பேண்டாக நினைத்துப் போட்ட கணக்கு.

வி1 வண்டியையே எடுத்துக்கொள்வோம். 13/42 போட்டால் விகிதம் 3.23. 14/45 போட்டால் 3.21. ஓட்டுகிறவருக்கு வித்தியாசமே தெரியாது. செயினுக்குத் தெரியும். 428 செயினின் பிட்ச் 12.7 மி.மீ.; 14 பல் ஸ்ப்ராக்கெட்டின் பிட்ச் வட்டம் ஏறத்தாழ 57 மி.மீ. விட்டம், 13 பல்லுடையது 53 மி.மீ. எஞ்சினிலிருந்து வரும் முறுக்குவிசை அதேதான். நெம்புகோலின் நீளம் குறைந்துவிட்டது. ஆகவே செயினை இழுக்கும் விசை 7.7 சதவீதம் ஏறுகிறது. முதல் கியரில் முழுத் திராட்டிலில் வி1-இன் செயின் தாங்கும் இழுவை ஏறத்தாழ 460 கிலோ எடைக்குச் சமம். 13 பல் போட்டதும் அது 495-ஐ ஒட்டிப் போகிறது. 14/45-இல் அதே முழுத் திராட்டிலில் செயினின் இழுவை ஒரு கிலோகூட ஏறாது. கூடுதல் விசையைப் பின் ஸ்ப்ராக்கெட்டின் பெரிய ஆரம் தந்துவிடுகிறது. சீரான வேகத்தில் நெடுஞ்சாலையில் போகும்போது கணக்கு இன்னும் சுவையானது. அப்போது 13/42-இல் இழுவை பழைய அளவிலேயே நிற்க, 14/45-இல் அது குறைகிறது. முழுத் திராட்டிலோ பாதித் திராட்டிலோ, ஒரே ஓட்டத்துக்கு 13/42 செயின் எப்போதும் சுமார் 7 சதவீதம் அதிகம் சுமக்கிறது.

இரண்டாவது, மடிப்பு. ஒவ்வொரு கண்ணியும் முன் ஸ்ப்ராக்கெட்டில் ஏறும்போதும் இறங்கும்போதும் மடங்கி நிமிர்கிறது. 14 பல்லில் 25.7 பாகை, 13-இல் 27.7. செயின் 'நீள்கிறது' என்று சொல்கிறோமே, அங்கே இரும்பு நீள்வதில்லை. ஒவ்வொரு மடிப்பிலும் பின்னும் புஷ்ஷும் உரசித் தேய்ந்து, கண்ணிக்குக் கண்ணி இடைவெளி கூடுகிறது. அதிக இழுவையோடு அதிகக் கோணத்தில் மடக்கினால் அதிகம் தேயும். இதற்கு ஓர் எதிர்வாதம் உண்டு: பின்னால் 45 போட்டால் ஒரு கிலோமீட்டருக்குச் செயின் 7 சதவீதம் அதிகத் தூரம் ஓடுகிறது, ஆகவே மடிப்புகளின் எண்ணிக்கை கூடுகிறது. உண்மை. அதையும் சேர்த்தே கணக்குப் போடலாம். இழுவை, கோணம், எண்ணிக்கை மூன்றையும் பெருக்கினால் முன் ஸ்ப்ராக்கெட்டில் கண்ணி படும் தேய்மானம் 14/45-இல் 7 சதவீதம் ஏறுகிறது. 13/42-இல் 16 சதவீதம்.

மூன்றாவது, அதிர்வு. ஸ்ப்ராக்கெட்டை வட்டம் என்று நினைக்கிறோம். செயினுக்கு அது பலகோணம். அதனால் எஞ்சின் ஒரே சீராகச் சுற்றினாலும் செயினின் வேகம் பல்லுக்குப் பல் ஏறி இறங்குகிறது. 17 பல்லில் இந்த ஏற்ற இறக்கம் 1.7 சதவீதம். 14-இல் 2.5. 13-இல் 2.9. பல் குறையக் குறைய இது வேகமாக ஏறும் என்பதால்தான் 17-லிருந்து 16-க்கு இறங்குவதும் 14-லிருந்து 13-க்கு இறங்குவதும் ஒன்றல்ல. லிட்டர் பைக் உரிமையாளர் முன்னால் ஒரு பல் குறைத்தால் பெரிய பாவமில்லை. சின்ன வண்டிக்காரர் ஏற்கெனவே விளிம்பில் நிற்கிறார். பெரிய வண்டியின் அனுபவத்தைச் சின்ன வண்டிக்கு உபதேசமாகக் கொடுப்பதுதான் இந்த மோகத்தின் ஆணிவேர்.

13 ஒற்றைப்படை எண், அதனால் நல்லது என்று ஒரு கட்சி உண்டு. செயினில் கண்ணிகள் இரட்டைப்படை. முன் ஸ்ப்ராக்கெட்டும் இரட்டைப்படையானால் ஒரு பல் எப்போதும் உள் கண்ணியையோ வெளிக் கண்ணியையோ மட்டுமே சந்திக்கும்; ஒற்றைப்படையில் மாறி மாறிச் சந்தித்துத் தேய்மானம் பரவும். சரிதான். அந்தக் காரணத்துக்காக 15 போட்டிருக்கலாமே?

இனி வேலை நடக்கும் விதத்தைப் பார்க்கலாம். முன்பக்க மூடியைக் கழற்றினால் உள்ளே கறுப்புக் களி: செயினிலிருந்து தெறித்த கிரீஸ், மண், இரும்புத் தூள். அதை ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டி எடுத்துவிட்டு, இரண்டு போல்ட்டைக் கழற்றிப் பிடிதகட்டைத் திருப்பி எடுத்தால் பழைய ஸ்ப்ராக்கெட் கையோடு வந்துவிடும். புதிய 13-ஐ ஏற்றி, பழைய செயினையே அதன் மேல் போட்டு, பின் ஆக்ஸிலைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து இறுக்கிவிட்டால் முடிந்தது. ஒரு பல் குறைந்தால் 428 செயினில் சக்கரம் சுமார் 3 மி.மீ. பின்னுக்குப் போனால் போதும், 520-இல் 4 மி.மீ.; அட்ஜஸ்டரில் அவ்வளவு இடம் எப்போதும் இருக்கும். இந்த முறையின் கவர்ச்சி முழுவதும் இங்கேதான் இருக்கிறது: புதிய செயின் வாங்க வேண்டாம். இதன் கேடும் இங்கேயே இருக்கிறது.

பாதி ஆயுள் ஓடிய செயினின் பிட்ச் 12.7-ஆக இராது. புதிய ஸ்ப்ராக்கெட்டின் பல் 12.7-க்கே வெட்டப்பட்டது. இரண்டும் பொருந்தாமல், உருளைகள் பள்ளத்தில் உட்காராமல் பல்லின் முதுகில் ஏறுகின்றன. எல்லாப் பல்லும் பகிர வேண்டிய சுமையை இரண்டு மூன்று பல் மட்டும் தாங்குகின்றன. சில ஆயிரம் கிலோமீட்டரில் பல் ஒவ்வொன்றும் அரிவாள் மூக்கு மாதிரி ஒரு பக்கமாக வளைந்து நிற்கும். செயின், முன், பின் மூன்றையும் ஒரே பெட்டியில் வைத்து 'செயின் செட்' என்று விற்பது வியாபாரத் தந்திரம் அல்ல. அவை மூன்றும் சேர்ந்து தேய வேண்டியவை. நிஞ்ஜா 250-க்குக் கவாசாகி சொல்லும் சோதனை எளிமையானது: செயினில் 10 கிலோ எடையைத் தொங்கவிட்டு 20 கண்ணியை அளக்க வேண்டும். புதிதில் 317.5 மி.மீ.; 323-ஐத் தாண்டினால் செயின் குப்பைக்கு. முன்னால் பல் குறைப்பதற்கு முன் இந்த அளவை யாராவது எடுக்கிறார்களா? இழுத்துப் பார்த்து "இன்னும் வரும்" என்று சொல்வதுதான் நம் அளவுகோல்.

அடுத்தது தொய்வு. நடுத்தர ஸ்போர்ட் பைக்குகளில் இது பெரும்பாலும் 20-லிருந்து 35 மி.மீ.க்குள் ஏதோ ஓர் அளவாக இருக்கும். வண்டிக்கு வண்டி மாறும். ஆனால் எந்த இடத்தில் அளக்கிறோம் என்பது அந்த எண்ணைவிட முக்கியம். முன் ஸ்ப்ராக்கெட்டின் மையம், ஸ்விங் ஆர்மின் அச்சு, பின் ஆக்ஸில் மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் செயின் அதிகபட்சமாக இறுகும். ஸ்டாண்டில் ஏற்றி, சக்கரம் தொங்கும் நிலையில் 'கிண்'ணென்று இறுக்கிக் கொடுத்த செயின், இரண்டு பேர் உட்கார்ந்து வேகத்தடையில் இறங்கும்போது கியர்பாக்ஸின் வெளித்தண்டைப் பிடித்து இழுக்கிறது. பேரிங்கும் ஆயில் சீலும் அங்கே சாகின்றன. எந்த ஸ்ப்ராக்கெட் மாற்றத்துக்கும் இந்த ஆபத்து உண்டு, பின்னால் கூட்டினாலும் உண்டு. ஆனால் பின்னால் கூட்டுகிறவர் புதுச் செயின் வாங்கி, நீளம் கணக்குப் பார்த்து, கொஞ்சமாவது நிதானமாக வேலை செய்ய வேண்டியிருக்கிறது. முன்னால் குறைக்கிறவருக்கு அந்தக் கட்டாயமே இல்லை.

ஸ்விங் ஆர்மின் முன் முனையைச் சுற்றி ஒரு ரப்பர் பட்டை இருக்கும். அதைக் குனிந்து பார்க்கிறவர் குறைவு. முன் ஸ்ப்ராக்கெட் சிறிதாகும்போது செயினின் மேல் ஓட்டம் 2 மி.மீ. கீழே இறங்குகிறது, கீழ் ஓட்டம் 2 மி.மீ. மேலே ஏறுகிறது, இரண்டும் ஸ்விங் ஆர்மை நெருங்குகின்றன. முன்பு லேசாகத் தொட்டுப் போன இடத்தில் இப்போது திராட்டில் முறுக்கும் ஒவ்வொரு முறையும் செயின் அழுத்தி உரசுகிறது. பட்டையில் இரண்டு வரிப் பள்ளம் விழும், பிறகு பள்ளம் அடியைத் தொடும், அதற்குப் பிறகு செயின் அலுமினியத்தையே அறுக்கத் தொடங்கும். பட்டையின் விலை அற்பம். ஸ்விங் ஆர்மின் விலை அப்படியல்ல.

செயினைக் கழற்றி மாட்டும்போது செயின் லாக் என்ற சின்னக் கிளிப்பைத் திருப்பி மாட்டுவதும் நடக்கிறது. அதன் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். பிளந்த முனை முன்னால் வந்தால் எதிலாவது தட்டிக் கழன்றுவிடும். கழன்ற செயின் சாலையில் விழுந்தால் அதிர்ஷ்டம். முன் ஸ்ப்ராக்கெட்டுக்குள் சுருட்டிக்கொண்டால் எஞ்சின் கேஸையே உடைக்கும், பின் சக்கரத்தையும் பூட்டிவிடும்.

இவ்வளவையும் கொடுத்து வாங்குவது என்ன? பிக்கப். எஞ்சினின் திறன் துளியும் கூடவில்லை. ஒவ்வொரு கியரிலும் இழுவிசை 7.7 சதவீதம் ஏறுகிறது, ஆனால் ஒவ்வொரு கியரும் அதே அளவு சீக்கிரமாகவும் தீர்ந்துபோகிறது. முன்பு இரண்டாவதில் ஓடிய வேகத்தில் இப்போது மூன்றாவதுக்கு மாறியிருப்பீர்கள். அந்த இடத்தில் இழுவிசை பழையதைவிடக் குறைவு. ஆர்15 வி1-இன் ஐந்தாவது கியர் விகிதம் 0.957, ஆறாவது 0.84. 13 பல் போட்டால் ஆறாவது ஏறத்தாழ 0.905-க்குச் சமமாகிறது. அதாவது வண்டியின் கடைசி கியர் ஐந்தரை. நெடுஞ்சாலையில் முந்திச் செல்ல வலு போதவில்லை என்றால் இடது காலால் ஒரு கியர் இறக்கினால் அதைவிட அதிகம் கிடைத்திருக்கும். முதல் கியரில் நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது மட்டும் லாபம் உண்மையானது. சிக்னலுக்குச் சிக்னல் கிளம்புகிற அந்த முதல் சில மீட்டர்தான் 'பிக்கப்' என்ற பெயரில் மனதில் பதிகிறது.

மைலேஜ் குறையவில்லை என்று சத்தியம் செய்கிறவர்களும் உண்டு. வேகத்தைக் கியர்பாக்ஸிலிருந்து எடுக்கும் வண்டிகளில் பல் குறைத்த பிறகு ஸ்பீடோமீட்டர் கூட்டிக் காட்டும். ஓடோமீட்டரும் 100 கி.மீ. ஓடினால் 107-க்கு மேல் எழுதிக்கொள்ளும். மைலேஜ் ஏன் குறையவில்லை என்பது இப்போது புரிந்திருக்கும். டாப் ஸ்பீடும் குறையவில்லை என்று மகிழ்வார்கள்; அதே மீட்டர்தான். சக்கரத்தில் உள்ள ஏபிஎஸ் உணர்வியிலிருந்து வேகம் எடுக்கும் வண்டிகளில் இந்தக் கூத்து இல்லை.

எதிர்த் திசையில் ஒரு நல்ல பழக்கம் இருந்தது, இங்கே அது வேர்பிடிக்கவே இல்லை. 2008-க்குப் பிந்தைய நிஞ்ஜா 250-இல் 14/45. நெடுஞ்சாலையில் எஞ்சின் அலறுகிறது என்று வெளிநாடுகளில் பலர் முன்னால் 15 போட்டார்கள்; விகிதம் 3.21-லிருந்து 3.0 ஆனது, ஒரே வேகத்தில் எஞ்சின் சுற்று ஏறத்தாழ 7 சதவீதம் இறங்கியது. செயினின் மடிப்புக் கோணம் குறைந்தது, முழுத் திராட்டிலில் இழுவையும் குறைந்தது. பிறகு நிஞ்ஜா 300 வந்தபோது கவாசாகியே 14/42 வைத்து அதே 3.0-க்கு வந்து சேர்ந்தது. சென்னையிலிருந்து திருச்சிக்கும் மதுரைக்கும் நான்கு வழிச்சாலையில் வாராவாரம் போகிறவர்கள் நம்மிடம் ஏராளம். அவர்களில் முன்னால் ஒரு பல் கூட்டலாமா என்று யோசித்துப் பார்த்தவர்கள் மிகச் சிலரே. ஏற்றத்தில் ஆறாவது கியர் கொஞ்சம் சோர்வடையும், மூடிக்குள் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; அவ்வளவுதான் குறை.

பின்னால் கூட்ட விரும்புகிறவருக்கு உள்ள சிரமத்தையும் சொல்ல வேண்டும். 428 செயினில் பின்னால் மூன்று பல் ஏறினால் சக்கரம் சுமார் 10 மி.மீ. முன்னுக்கு வந்தாக வேண்டும். அட்ஜஸ்டரில் அவ்வளவு இடம் இல்லையென்றால் செயினில் இரண்டு கண்ணி கூட்ட வேண்டும். கண்ணிகள் ஜோடியாகத்தான் கூடும் என்பதால் சக்கரம் 12.7 மி.மீ. பின்னுக்குப் போய், கடைசியில் பழைய இடத்துக்கு ஏறத்தாழ 3 மி.மீ. பின்னால் நிற்கும். அருமையாகப் பொருந்துகிற கணக்கு. ஆனால் சென்னையில் புதுப்பேட்டையிலோ ஜி.பி. ரோட்டிலோ போய் வி1-க்கு 45 பல் பின் ஸ்ப்ராக்கெட்டும் இரண்டு கண்ணி நீளமான செயினும் கேட்டால் கடைக்காரர் 42 பல் செட்டைத்தான் எடுத்து வைப்பார். 13 பல் முன் ஸ்ப்ராக்கெட் மட்டும் சுலபமாகக் கிடைக்கும். ரோலான் செயினைச் செய்யும் எல்.ஜி. பாலகிருஷ்ணன் கோவையில் இருக்கிறது. டிஐ டைமண்ட் செயின் சென்னையின் முருகப்பா குழுமத்தைச் சேர்ந்தது. இந்தியாவின் பெரிய செயின் தயாரிப்பாளர்கள் இருவருமே இங்கேதான் இருக்கிறார்கள். அதிகம் விற்கும் ஐந்தாறு ஸ்போர்ட் பைக்குகளுக்குப் பின்னால் இரண்டு, மூன்று பல் கூடிய செட்டை, சரியான கண்ணி எண்ணிக்கையோடும் மேலே ஸ்விங் ஆர்ம் பட்டை ஒன்றோடும் ஒரே பெட்டியில் போட்டுக் கொடுப்பது இவர்களுக்கு ஒரு வேலையே அல்ல.